முக்காலே மூணு வீசம்: கணக்கு டீச்சர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பின்னக் கணக்குதான். பாதிக்கு மேல் என்றால் எவ்வளவு என்று கேட்டு யாரும் கார்டு போடவேண்டாம்: 11-ல் 6. அந்த ஆறையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டுவிட்டு வருகிறான். டீச்சர் சிவப்பு மையில் அடித்து 5/6 என்று எழுதி அனுப்புகிறார். ஏன் தப்பு என்று அவன் என்னைக் கேட்கிறான். எட்டாவதோடு நின்ற எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஒரு தாய், தங்கச்சிமடம்)

முதலில் பையனைத் திட்டாதீர்கள். இந்தப் பழக்கத்தை அவன் எங்கே பிடித்தான் என்று எனக்குத் தெரியும். அதே சிவப்பு மையில்தான். அவனுடைய விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். முதல் கேள்விக்கு 2-க்கு 1 மார்க், ஓரத்தில் 1/2. அடுத்த கேள்விக்கு 3-க்கு 1, அதாவது 1/3. கடைசியில் மொத்தம் போடும்போது டீச்சரே 2/5 என்று எழுதி வட்டம் போட்டிருப்பார். இந்தக் கரையோரப் பள்ளிகளில் நானும் 31 வருஷம் அப்படித்தான் வட்டம் போட்டேன். பிள்ளை அதைப் பார்த்து, மேலோடு மேலைக் கூட்டு, கீழோடு கீழைக் கூட்டு என்று பிடித்துக்கொள்கிறது.

மார்க்குக்கு அது சரிதான். இரண்டு தடவை தூண்டில் போட்டு ஒரு மீன், இன்னும் மூன்று தடவை போட்டு ஒரு மீன் என்றால், ஐந்து தடவைக்கு இரண்டு மீன். யாரும் மறுக்க முடியாது. அங்கே நாம் எண்ணுவது தடவைகளை. ஒரே பொருளில் பாதியையும், அதே பொருளில் மூன்றில் ஒன்றையும் சேர்ப்பது வேறு கணக்கு. இந்த இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுவதுதான் பிள்ளைகளுக்கு வந்த வினை.

இன்றைக்குச் சாயங்காலம் இதைச் செய்யுங்கள். வீட்டில் நைலான் கயிறு கட்டாயம் இருக்கும். அவன் கையால் 12 சாண் அளக்கச் சொல்லி வெட்டுங்கள். அதே நீளத்தில் இன்னும் இரண்டு. ஒன்றை அப்படியே தரையில் போடுங்கள், அது முழுசு. இரண்டாவதைப் பாதியாக மடித்து வெட்டினால் 6 சாண். மூன்றாவதை மூன்றாக மடித்து ஒரு மடிப்பை வெட்டினால் 4 சாண். அந்த ஆறையும் நாலையும் முழுக் கயிற்றின் பக்கத்தில் முனைக்கு முனை வைக்கச் சொல்லுங்கள். முடிச்சுப் போடவேண்டாம், முடிச்சு நீளத்தைத் தின்றுவிடும். 10 சாண் வரும். 12-ல் 10, அதாவது 5/6. இப்போது அவன் சொன்ன 2/5-ஐ அதே கயிற்றில் காட்டச் சொல்லுங்கள். 5 சாண் கூடத் தேறாது. பாதிக் கயிறே 6 சாண் இருக்கும்போது, அதோடு ஒரு துண்டைச் சேர்த்த பிறகு 5 சாணுக்கும் கீழே எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை அவனே கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம் நோட்டில் எழுதலாம். பாதி என்பது 12-ல் 6, மூன்றில் ஒன்று என்பது 12-ல் 4. சாண் என்ற ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் கூட்டினோம். புத்தகத்தில் இதைத்தான் வேற்றினப் பின்னங்களை ஓரினமாக மாற்றுவது என்று போட்டிருக்கிறார்கள். பெயர்தான் பெரிசு.

ஒரு எச்சரிக்கை. 1/3-ஐக் கிலோவில் சொல்லிக் கொடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "1/3 கிலோ நெத்திலியும் 1/2 கிலோ நெத்திலியும்" என்று பரீட்சையில் கேட்டுவிட்டேன். மீன் விற்கிறவர் மகள் ஒருத்தி எழுந்து, "டீச்சர், மூணுல ஒரு கிலோவுக்குக் கல்லு கிடையாது" என்றாள். எடைக்கல் அரைக் கிலோ உண்டு, 200 கிராம் உண்டு, 100 உண்டு, 50 உண்டு. மூன்றில் ஒன்றுக்கு எங்கே போவது? அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்தால் கயிறு, இல்லாவிட்டால் கடிகாரம். அரை மணி 30 நிமிஷம், மணியில் மூன்றில் ஒன்று 20 நிமிஷம், சேர்த்தால் 50. 60-ல் 50 என்றாலும் அதே 5/6-தான்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். "ஒரு வலையை ஒருவர் 4 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்?" மாதிரி கணக்கில் தடுமாறுகிறேன். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்தே ஆகவேண்டுமா? (ஒரு மாணவி, மண்டபம்)

வலையைப் பன்னிரண்டு சம கண்டமாக மனசில் பிரித்துக்கொள்ளுங்கள். 4 நாளில் முடிக்கிறவர் ஒரு நாளைக்கு 3 கண்டம் முடிப்பார். 6 நாள்காரர் 2 கண்டம். சேர்ந்தால் நாளைக்கு 5. 1/4 + 1/6 = 5/12 என்று நீங்கள் எழுதுவதும் இதுதான். 12 கண்டத்துக்கு 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2 நாளும், நாளில் 2/5-ம்.

மீ.சி.ம. கட்டாயம் இல்லை. 4-ஐயும் 6-ஐயும் பெருக்கி 24 கண்டம் என்று வைத்தாலும் வலை கிழிந்துவிடாது. 6-ம் 4-ம் 10, 24-ஐ 10-ஆல் வகுத்தால் அதே 2 2/5. எண் கொஞ்சம் பெரிசாகும், கடைசியில் சுருக்கவேண்டி வரும். தேர்வு அறையில் அந்த அரை நிமிஷம் முக்கியம் என்பதால் 12. வேறு காரணம் கிடையாது.

விடையைக் குறிக்குமுன் ஒரு சோதனை. வேகமானவர் தனியாகவே 4 நாளில் முடிப்பார். துணைக்கு ஆள் வந்த பிறகு 5 நாள் ஆகுமா? ஆனாலும் நான்கு விடைகளில் 5 நாள் என்று ஒன்று இருக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். நாலையும் ஆறையும் கூட்டிப் பாதியாக்குகிறவர்களுக்காகவே வைத்தது அது.

கேள்வி: என் அண்ணன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். செலவு போக அன்றைக்கு 12,000 ரூபாய். படகுக்குப் பாதி, மீதியில் மூன்றில் ஒரு பங்கு வலைக்கு, மிச்சம் நாலு பேருக்குச் சமமாக என்பது பேச்சு. கணக்கு எழுதும் பையன் 1/2 + 1/3 = 5/6 போக 1/6 தான் ஆட்களுக்கு என்று தலைக்கு 500 ரூபாய் கொடுத்திருக்கிறான். கூட்டல் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் எங்கோ இடிக்கிறது. (ஒரு தங்கை, பாம்பன்)

கூட்டல் மிகச் சரி. அதுதான் இதில் கொடுமை. தப்பான கூட்டலைக் கண்டுபிடித்துவிடலாம், சரியாகக் கூட்டப்பட்ட தப்பான பின்னத்தைக் கண்டுபிடிப்பது சிரமம்.

உங்கள் கடிதத்தில் "மீதியில்" என்று ஒரு சொல் இருக்கிறது. பையன் அதை முழுங்கிவிட்டான். கரையில் மீனைக் கூறு போடுவதுபோல் பணத்தை ஆறு கூறு போடுங்கள், கூறுக்கு 2,000. படகுக்குப் பாதி, மூன்று கூறு நகர்த்தியாச்சு. இருப்பது மூன்று. வலைக்கு இந்த மூன்றில் ஒன்று, அதாவது ஒரே கூறு. மிச்சம் இரண்டு கூறு, 4,000 ரூபாய். நாலு பேருக்குத் தலைக்கு 1,000. எழுத்தில் போட்டால், வலையின் பங்கு முழுசில் 1/3 கிடையாது, பாதியில் 1/3, அதாவது 1/6. 1/2-ஐ 3/6 ஆக்கி அதோடு 1/6 சேர்த்தால் 4/6. ஆட்களுக்கு 2/6. உங்கள் அண்ணனுக்குப் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

பின்னம் வரும் எந்தப் பேச்சிலும் "எதில்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கவேண்டும். படகுக்குப் பாதி என்றால் எதில் பாதி? செலவுக்கு முன்பா, செலவு போகவா? டீசலும் ஐஸும் விற்கிற விலைக்கு அது ஒன்றே பெரிய கேள்வி.

அதற்காக இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு உடனே கரைக்கு ஓடாதீர்கள். பங்கு முறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். முழுசிலேயே மூன்றில் ஒன்று வலைக்கு என்று பேசியிருந்தால் பையன் கணக்குதான் சரி. அண்ணனிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எதற்கெடுத்தாலும் "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுபோச்சு" என்பேன். என் பேரன் அது எத்தனை சதவீதம் என்று கேட்கிறான். இந்த வீசம், மாகாணி எல்லாம் இன்றைக்கு எதற்காவது உதவுமா? (ஒரு தாத்தா, தேவிபட்டினம்)

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் தாத்தா ஞாபகம். கருப்பட்டி மண்டியில் கணக்கு எழுதியவர். மூக்குக் கண்ணாடி உடைந்து நூலால் கட்டியிருப்பார், கணக்கில் மட்டும் ஒரு முடிச்சு விழாது.

பேரனிடம் சொல்லுங்கள்: வீசம் என்பது 1/16. முக்கால் என்பது பதினாறில் 12. அதோடு மூணு வீசம் சேர்த்தால் 15. ஆக 15/16, சதவீதத்தில் 93.75. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஒரு வீசம் ஒரு அணா, அதனால் முக்காலே மூணு வீசம் என்றால் பதினைந்து அணா. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அணா போனது, வாயில் வீசம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பகுதி வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டும் கணக்கை நீங்கள் நாள் முழுக்கப் பேச்சிலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். பேரன் அதையே நோட்டில் செய்யப் பயப்படுகிறான்!

மாகாணி இதைவிட வேடிக்கை. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் சேர்த்தால் மாகாணி. 1/20 என்பது எண்பதில் 4, அதோடு 1, மொத்தம் எண்பதில் 5, அதாவது 1/16. வீசமும் மாகாணியும் ஒன்றுதான். ஒரு கூட்டலையே சொல்லாக்கிப் புழங்கியிருக்கிறார்கள் நம் ஆட்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது முந்திரி. தின்கிற முந்திரியைச் சொல்லவில்லை. 1/320-க்கு அந்தப் பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை ஒப்பித்தவர்களுக்கு முந்திரிதான் மணலில் ஒரு துளி மாதிரி. 2 முந்திரி அரைக்காணி, 4 முந்திரி காணி, 16 முந்திரி மா, 20 மாகாணி, 40 அரைக்கால், 80 கால், 160 அரை, 240 முக்கால், 320 ஆனால் ஒன்று. கால், அரைக்கால், மா மூன்றையும் கூட்டு என்றால் தாத்தா 80, 40, 16 என்று விரலை மடக்கி 136 என்பார். 320-ல் 136. இன்றைய பிள்ளை 4, 8, 20-க்கு மீ.சி.ம. 40 எடுத்து 17/40 என்று எழுதும். இரண்டும் ஒன்றே. தாத்தாவுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் பொதுப் பகுதி தேடும் வேலையே இல்லை. 320 என்று ஒரே தடவை தேடி வைத்துவிட்டு, அதற்குமேல் எல்லாவற்றுக்கும் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டாம். 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 போக 2 மிஞ்சும். அதனால் மூன்றில் ஒன்றை முந்திரிக் கணக்கில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. தானியம் அளந்தவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். கலத்துக்கு 12 மரக்கால். கலத்தில் மூன்றில் ஒன்று 4 மரக்கால், அதற்குத் தூணி என்று பெயர். கால் கலம் 3 மரக்கால். சேர்த்தால் 7 மரக்கால், 12-ல் 7. நம் தங்கச்சிமடத்துக் கயிற்றுக்கும் நான் 12 சாண் சொன்னது சும்மா இல்லை.

உதவுமா என்று கேட்டீர்கள். கடையில் உதவாது. பேரன் கைபேசிக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்: 2019-ல் யூனிகோடில் முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள், ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

கேள்வி: 17 ஆடு. அப்பா எழுதிய உயிலில் மூத்தவனுக்குப் பாதி, நடுவிலவனுக்கு மூன்றில் ஒன்று, கடைக்குட்டிக்கு ஒன்பதில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆடு ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கி 9, 6, 2 என்று பிரித்துவிட்டுத் தன் ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாயம் எங்கே? (ஒரு வாசகர், தொண்டி)

ஒட்டகத்தை வைத்து உலகம் முழுக்கச் சொல்லும் புதிர், நீங்கள் ஆடாக்கிவிட்டீர்கள். நல்லது, தொண்டியில் ஒட்டகத்துக்கு எங்கே போவது. மாயம் அப்பாவிடம் இருக்கிறது. 1/2 + 1/3 + 1/9 போட்டுப் பாருங்கள்: 9/18 + 6/18 + 2/18 = 17/18. பெரியவர் தன் மந்தையில் 1/18-ஐ யாருக்கும் எழுதிவைக்கவே இல்லை. உயில் எழுதுமுன் ஒரு கூட்டல் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதையே கிடையாது.

கேள்வி: டீச்சர், நீங்கள் எங்கள் ஊரில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர் மவுத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்). மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன் இருக்கிறார்கள். மார்க்கச் சட்டப்படி பங்கு மனைவிக்கு 1/8, மகள்களுக்குச் சேர்த்து 2/3, தாய்க்கு 1/6, தகப்பனுக்கு 1/6 என்கிறார்கள். நான் கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறது. என் கணக்குத் தப்பா? (ஒரு சகோதரி, கீழக்கரை)

தப்பே இல்லை. 8, 3, 6 மூன்றுக்கும் பொதுவாக 24. மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தகப்பனுக்கு 4. கூட்டினால் 27. அதாவது 27/24. மேலே ஆடு 17/18-ல் நின்றது, இங்கே சொத்தைவிடப் பங்கு பெரிசாகிவிட்டது.

கீழக்கரையில் நான் மூன்று வருஷம் இருந்தபோது, மதரஸாவில் ஓதிக்கொடுத்த ஒரு ஹஜ்ரத் எனக்கு இந்தக் கணக்கைச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பின்னங்கள் ஒன்றுக்குமேல் போனால் சொத்து எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை, அவரிடம் போனேன். இதற்குப் பழைய பெயரே உண்டு என்றார் ஹஜ்ரத்: மிம்பரிய்யா. நபிகளின் மருமகன் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில், அதாவது பள்ளிவாசல் மேடையில், நின்று குத்பா என்ற உரையை ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டாராம். அவர்கள் பேச்சை நிறுத்தாமலே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உரையைத் தொடர்ந்ததாக மரபில் சொல்வார்கள்.

அந்த ஒரு வரியில் முழுக் கணக்கும் இருக்கிறது. பங்குகள் 27 ஆகிவிட்டனவா, அப்படியானால் சொத்தையே 27 கூறாகப் போடு. மேலே உள்ள எண்களைத் தொடாதே, கீழே உள்ள 24-ஐ மட்டும் 27 ஆக்கு. மனைவிக்கு 3/27, சுருக்கினால் 1/9. மகள்களுக்கு 16/27, ஆளுக்கு 8. தாய்க்கும் தகப்பனுக்கும் 4, 4. எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்கிறார்கள். இந்த முறைக்கு அவ்ல் என்று பெயர்.

சொத்து 27 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1/8 என்றே பிடித்தால் மனைவிக்கு 3,37,500 ரூபாய் வரும். இந்த முறையில் 3 லட்சம். மகள்களுக்கு 18 லட்சத்துக்குப் பதில் 16. தாய்க்கும் தகப்பனுக்கும் நாலரைக்குப் பதில் நாலு நாலு லட்சம். கூட்டிப் பாருங்கள், 3-ம் 16-ம் 8-ம் சரியாக 27. பழைய பின்னங்களையே பிடித்து முதலில் கேட்டவருக்கு முதலில் என்று கொடுத்துக்கொண்டே போயிருந்தால் கடைசி ஆளுக்கு 3,37,500 ரூபாய் குறைந்திருக்கும். வரிசையில் கடைசியாக நிற்பது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கடன், அடக்கச் செலவு, வஸிய்யத் (உயில்) எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு. யார் வாரிசு, யாருக்கு எது என்பதை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள், அது அவர் வேலை. 27-ஐ மட்டும் நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.